ஏறிக்கொண்டே போன டிவி

1

என் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் காதில் விழும்படி சொன்னவன் நான். கனடாவில் மகன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, காலைக் காப்பி குடித்துக்கொண்டே, போனில் சொன்னேன். அப்போது அதை உண்மை என்றே நம்பினேன். நம்பிச் சொன்னதால் குற்றம் குறைந்துவிடாது. ஒருவர் எதிரில் இருக்கும்போதே அவர் இல்லாதது மாதிரி அவரைப் பற்றிப் பேசினேன். அதன் பிறகு அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் ஒரு டிவியால் வந்தது. சரியாகச் சொன்னால், டிவியைச் சுவரில் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தால்.

போன வாரம் மகன் புது டிவி வாங்கி வந்தான். அதைச் சுவரில் மாட்டுகிற வால் மவுண்டை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள், உங்களுக்குத்தான் இதில் அனுபவம் இருக்கிறதே என்றான். ஊருக்கு நான் டிவி வாங்கிக் கொடுத்த கதை அவனுக்குப் பாதிதான் தெரியும்.

"திரும்புற மாதிரி வாங்கு" என்றேன்.

"எதுக்குப்பா? எல்லாரும் நேராத்தானே உக்காரப் போறோம்?"

நான் எழுதுவதற்குப் பேப்பரை எடுத்துக்கொண்டேன். அவனிடம் வாயால் சொல்ல முடியாததை ஊரில் இதைப் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். அண்ணன் அங்கேயே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு மகனோடு வந்து சேர்ந்துகொண்டேன்.

ஒரு சம்பா அறுவடையின்போது அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுதாகப் போகவில்லை, துண்டு துண்டாகிவிட்டது. சின்னச் சொற்கள் வரும். கொஞ்சம் நீளமான சொல் என்றால் முன்பாதி வரும், பின்பாதி நின்றுவிடும்.

"தலன்னு சொன்னா, தலைய வலிக்குதா, தலகாணி வேணுமான்னு நான்தான் கண்டுபிடிக்கணும்" என்று அண்ணி போனில் சிரித்தார். "கல்யாணம் ஆன புதுசுல இருந்து இவரு பாதிதான் சொல்லுவாரு தம்பி. இப்ப டாக்டர் வேற அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காரு."

அண்ணனுக்கு டிவியில் ஒரே ஒரு தேவைதான். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எப்போது திறக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். செய்தியின் அடியில் ஓடும் வரிகளை நின்றுகொண்டே படித்துவிட்டு வெளியே போகிறவர் அவர். இப்போது அவர் கட்டிலோ அறையில், பழைய டிவியோ கூடத்தில். அதனால் அறைக்கென்று புது டிவி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னேன். இங்கிருந்தபடியே ஆன்லைனில் எல்லாவற்றையும் நானே பார்த்துச் செய்தேன்.

வால் மவுண்டில் பல வகை இருக்கிறது. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது ஒன்று. முகத்தைக் குனிந்து நிமிர வைக்கக்கூடியது ஒன்று. மடக்கி நீட்டும் கை வைத்து எந்தப் பக்கமும் திருப்பக்கூடியது இன்னொன்று. நான் அசையாத வகையை எடுத்தேன். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், அண்ணன்தான் எங்கும் நகரப் போவதில்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கட்டில் தெற்கே தலை வைத்துக் கிடக்கிறது. எனவே காலுக்கு நேரே இருக்கும் வடக்குச் சுவர்தான் டிவிக்கு என்று முடிவு செய்தேன். கட்டிலின் உயரம், சுவருக்கு உள்ள தூரம், படுத்திருப்பவரின் கண் எல்லாவற்றையும் வைத்து முக்கோணம் வரைந்து, எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தவறு இல்லை. அண்ணன் எந்தப் பக்கம் பார்க்க முடிகிறவர் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

3

மாட்டுகிற அன்று அண்ணி வீடியோவில் வந்தார். கட்டிலுக்கு இடப்புறம் நின்று, எனக்கு அறை முழுவதும் தெரியும்படி போனைப் பிடித்திருந்தார். மாட்ட வந்தவர் காதில் பென்சில் செருகிய நடுவயதுக்காரர். எதைச் சொன்னாலும் "செஞ்சுரலாம் சார்" என்பவர்.

டிவி ஏறியது. அண்ணி குனிந்து கேட்டார். "என்னங்க, தெரியுதா?"

அண்ணன் வாயைக் கோணி முயன்றார். "மே... மேல."

எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா அண்ணி? நான் சொன்ன ஒசரம் வைக்கலை நீங்க. படுத்திருக்கறவருக்கு ஒசரமா இருந்தாத்தான் கண்ணுக்கு நேரா வரும்."

"செஞ்சுரலாம் சார்."

கழற்றி, புதிதாகத் துளை போட்டு, ஏற்றினார்கள். அண்ணி மறுபடி கேட்டார். அண்ணன் மறுபடி சொன்னார். "மேல."

இன்னொரு முறை ஏற்றினார்கள். டிவியின் தலை பரணைத் தொட்டது. அறையில் சுண்ணாம்புத் தூசி பறந்தது.

"மேல" என்றார் அண்ணன்.

மாட்ட வந்தவர் ஏணியில் இருந்தபடியே திரும்பினார். "சார், இதுக்கு மேல பரண்தான் இருக்கு. ஐயா பரண்ல ஏறிப் படுத்தாத்தான் சரியா வரும்."

நான் சிரித்தேன். அண்ணன் இடது கையை நீட்டி, அண்ணியின் கையைப் போனோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளினார். எனக்குப் படம் குலுங்கியது. சீலிங் ஃபேன் தெரிந்தது. மேலேதான் காட்டுகிறார் என்று முடிவு கட்டினேன்.

அண்ணி சொன்னார்: "அவரு என்னமோ வேற சொல்றாரு தம்பி. மொகத்தப் பாத்தா எனக்கு அப்படித்தான் தோணுது."

"வேற ஒண்ணும் இல்ல அண்ணி. சொன்னதையே சொல்றது இந்த நோயோட குணம். நான் படிச்சுப் பாத்துட்டேன். அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. அதுக்கு அர்த்தம் தேடிக்கிட்டிருந்தா செவுரு பூரா ஓட்டையாயிரும். விடுங்க."

அண்ணன் அண்ணியின் கையை விட்டார். படம் அசையாமல் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானே சொல்லி போனை வைத்தேன்.

4

இங்கே என் நாட்கள் ஒரே மாதிரி போகின்றன. காலையில் பேரனைப் பள்ளிப் பேருந்து வரை கொண்டுபோய் விடுவேன். மதியம் நடை, அப்புறம் சமையலில் கொஞ்சம் உதவி. பேரனுக்குத் தெரிந்த தமிழ் மிகக் குறைவு. அதில் இரண்டு சொற்களை மட்டும் பிழையில்லாமல் சொல்வான்: மேல, கீழ. மேல என்றால் படுக்கை அறைகள், கீழ என்றால் தரைக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட். அவன் அம்மா வேலையிலிருந்து வந்து நான் எங்கே என்று கேட்டால், "தாத்தா கீழ" என்று ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான். எங்கள் வீட்டில் அந்தச் சொற்களுக்கு வேறு வேலை கிடையாது. வந்த சில வருஷங்களில் எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கண் பரிசோதனைக்குப் போனேன். இங்கே என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக ஏறிவிட்டது. அதனால் இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் எழுந்தேன். அதற்குள் கூப்பிட்ட பெண் என்னை மந்தமானவன் என்று முடிவு செய்துவிட்டாள் போலும். என் மகனைப் பார்த்து, "இவருக்குப் புரியுமா?" என்று கேட்டாள். நான் அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மகனிடம் இரண்டு தடவை அதைச் சொல்லிக் காண்பித்தேன்.

அன்றும் எனக்கு அண்ணன் நினைவு வரவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சில வாரங்கள் கழித்து அண்ணி பேசினார். ஊரில் காற்று பலமாம்.

"கீழண்டைத் தென்னையிலேர்ந்து மட்டை விழுந்து, குளியலறை ஓடு நாலு போயிருச்சு தம்பி. நல்லவேள, யாரும் அங்க நிக்கல."

"தென்னை மேலயிருந்து மட்டை விழும். கீழ எப்படி விழும்?" என்றேன், விளையாட்டாக.

"அட, கீழண்டைங்கிறேன். மேலண்டைதான் மாமரம் நிக்குதே, மறந்துட்டீங்களா?"

கீழண்டை என்றால் கிழக்குப் பக்கம். மேலண்டை என்றால் மேற்குப் பக்கம். தஞ்சாவூரின் மேல வீதி மாடியில் இல்லை, கீழ வீதி தரைக்கு அடியில் இல்லை. பிறந்ததிலிருந்து அறுபது வயது தாண்டும் வரை நான் பேசிய பேச்சு இது. சோறு போடும்போதுகூட, "மேலண்டை உக்காந்திருக்கற பையனுக்கு ரசம்" என்பார்கள். அண்ணன் வாயில் நீளமான சொல்லின் முன்பாதிதான் வரும். அவர் மேலண்டை என்று சொல்லப் பார்த்திருக்கிறார். எங்களுக்கு மேல மட்டும்தான் கேட்டது.

"அண்ணி, அண்ணனுக்கு எந்தப் பக்கம் பார்வை நல்லாத் தெரியும்?"

"மேலண்டைதான். தலையும் அந்தப் பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. சோறு ஊட்டுறதுகூட அந்தப் பக்கம் உக்காந்துதான். கீழண்டை ஆளு நின்னா நிக்கிறதே தெரியாது அவருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். அவருக்கும் விளங்கிவிட்டது. "எனக்கும் தோணலையே தம்பி. அந்தச் செவுத்துல பீரோ நிக்குது. நாமளும் அன்னிக்கி ஒசரம், ஒசரம்னே பேசிக்கிட்டிருந்தோம்."

"அதுக்கப்புறம் அண்ணன் மேலன்னு சொல்றாரா?"

"இல்ல. ஒண்ணுமே சொல்றதில்ல."

"டிவி பத்தியா?"

"எதப் பத்தியும். தண்ணிகூடக் கேக்கறதில்ல. நானாக் குடுத்தாத்தான். நோவு முத்திருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு கோபமில்லாமல் சொன்னார்: "நீங்க அன்னிக்கிச் சொன்னதிலேர்ந்துதான்."

5

மாட்டியவரைக் கூப்பிட்டு டிவியை மேற்குச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னதைப் போனிலேயே சரிசெய்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று பட்டது. டிக்கெட் எடுத்தேன். மகன் காரணம் கேட்டான். அண்ணனைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றேன்.

போகும்போது இங்கேயே ஒரு நல்ல வால் மவுண்ட் வாங்கினேன். முழுதாக நீளும், எந்தப் பக்கமும் திரும்பும், கனமான இரும்புக் கை. கனடாவில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் எதுவும் கிடைக்காது என்று நினைத்துப் பெட்டியை நிரப்புவோம். எனக்கு அது முற்றியிருந்தது.

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். இளைஞர். இரும்பை எடுத்து நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"டிவியைச் சுவத்துல மாட்டுறது."

"டிவி எங்க?"

"டிவி வீட்டுல இருக்கு."

"அப்ப டிவி இங்க வாங்கினீங்க. ஸ்டாண்டுக்காகக் கனடா போயிருந்தீங்க."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வீட்டில் அதே பென்சில்காரர் வந்தார். பீரோவைக் கூடத்துக்கு நகர்த்தினோம். பெட்டியைப் பிரித்து, கூட வந்த திருகாணிகளை உள்ளங்கையில் கொட்டினார். எல்லாம் மரத்தில் ஏற்றுகிற திருகாணிகள். கனடாவில் வீட்டுச் சுவர் என்பது மெல்லிய பலகைதான். உள்ளே இடைவெளி விட்டு மரச் சட்டங்கள் நிற்கும். தட்டிப் பார்த்து, மரம் இருக்கிற இடத்தில் திருகாணி ஏற்றுவார்கள். அந்த இரும்புத் தட்டும் அதற்கென்றே செய்தது. எங்கள் வீடு பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர்.

"செவுத்துக்குள்ள மரத்துக்கு எங்க சார் போறது?" என்றார் அவர்.

அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டு, "இந்தக் கை வச்ச ஸ்டாண்டு தஞ்சாவூர்லயே கெடைக்குமே தம்பி. எதித்த வீட்டுல அதான் மாட்டியிருக்காங்க" என்றார்.

மறுநாள் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனேன். கடைக்காரர் நான் கேட்டதை உடனே எடுத்து வைத்தார். யாருக்கு, அறை எவ்வளவு பெரிது, பார்க்கிறவர் உட்கார்ந்திருப்பாரா, படுத்திருப்பாரா என்று வரிசையாகக் கேட்டார். நான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்.

அன்று மாலை டிவி மேற்குச் சுவரில், கட்டிலின் இடப்புறம், அதிகம் உயரமில்லாமல் நின்றது. இரும்புக் கையை மடக்கி, அண்ணன் முகத்துக்கு நேரே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். செய்தி ஓடியது. அண்ணனின் கண்கள் அடிவரியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன. பரண் ஓரத்துப் பழைய துளைகளைப் பென்சில்காரர் சிமெண்டு பூசி அடைத்துவிட்டுப் போனார்.

6

எல்லாரும் போன பிறகு அவருக்கு மேலண்டைப் பக்கம், அவர் பார்க்கக்கூடிய இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டிவியை நிறுத்தினேன்.

"அண்ணா, அன்னிக்கி நீங்க சரியாத்தான் சொன்னீங்க. மேலண்டைச் செவுருன்னு சொன்னீங்க. எனக்குத்தான் அது புரியல. ஒங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு ஒங்க முன்னாடியே சொன்னேன். தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

என்னைவிட ஆறு வயது மூத்தவர். வாழ்நாளில் அவரிடம் இந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அதில் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, நிறுத்தியிருந்த டிவி பக்கம் கண்ணைத் திருப்பினார். நான் எழுந்து அதைப் போட்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் பேசத் தொடங்கினார். அண்ணியிடம்தான். தண்ணி என்றார். தல என்றார். அண்ணி, "தலையா, தலகாணியா?" என்று கேட்டபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து கொடுக்க வருகிறவரிடம் போதும் என்றார். செய்தியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். என்னிடம் மட்டும் ஒன்றும் இல்லை. நான் காலை அமுக்கிவிட்டேன், மறுக்கவில்லை. முகம் மழித்துவிட்டேன், தாடையைத் தூக்கிக் காட்டினார். பேச்சு மட்டும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

புறப்படுவதற்கு முந்தின நாள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே எனக்கு இலை போட்டார் அண்ணி. டிவியைப் பார்த்துக்கொண்டே கையை உதறிவிட்டு எழப் போனேன்.

"இந்..." என்றார் அண்ணன். இந்தா என்று அண்ணியைத்தான் கூப்பிட்டார்.

"என்னங்க?"

"அவன... சாப்... சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்றாரு."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் மனத்தாங்கல் வந்தால் இப்படித்தான். பேச்சு நின்ற இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள். அவன வரச் சொல்லு. அவரை மருந்து சாப்பிடச் சொல்லு. அடுத்தவருக்கு நன்றாகக் கேட்கும் என்று தெரிந்துதான் சொல்வது. பேச்சு முழுதாக அறுந்த வீட்டில் இதுகூட இருக்காது.

நான் மறுபடி உட்கார்ந்தேன். "கொஞ்சம் மோர் ஊத்துங்க அண்ணி" என்றேன்.

கனடா திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறேன். அண்ணி போனை அவருக்கு மேலண்டைப் பக்கம் பிடிக்கிறார். அண்ணன் என்னைப் பார்க்கிறார், ஆனால் பேசுவது அண்ணியிடம்தான். முதலில் சில வாரங்கள் நான் அவரிடம் நேராகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணா, நல்லா இருக்கீங்களா, அண்ணா, தூங்கினீங்களா என்று. அவர் பதிலை அண்ணியிடம் சொல்வார், அண்ணி எனக்குச் சொல்வார். இப்போது நானும் விட்டுவிட்டேன். அவர் திறந்து வைத்திருக்கிற வழியிலேயே போகலாம் என்று தோன்றிவிட்டது.

போன ஞாயிறு அவர் முகத்தில் டிவியின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சான்னு கேளுங்க அண்ணி."

அண்ணி கேட்பதற்கு முன்பே அண்ணன் சொன்னார். "வந்து... சொல்லு."

"வந்துருச்சாம் தம்பி."

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க."

அண்ணி போனைக் கட்டில்மேல் வைத்தார். எனக்கு அறையின் உத்தரம் மட்டும்தான் தெரிந்தது. அண்ணனுக்கு நான் பேசியது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அண்ணி அவர் பக்கம் குனிந்து, ஒரு சொல்லையும் விடாமல், நிதானமாக அதை அவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது.